தைவேளைக்கு எத்தனை இலை

வெள்ளவத்தை
18.08.2024

அன்புள்ள தம்பி இரத்தினசிங்கத்துக்கு,

அக்கா சொல்லத் தாரிகா எழுதுவது. இங்கே நானும் மகளும் சுகமாக இருக்கிறோம். சீனி வருத்தம் மட்டும் வாடகை கொடுக்காமல் கூடவே குடியிருக்கிறது. இடது கண்ணில் புரை வெட்டிய பிறகு தெளிவு. வலது கண்ணுக்கு டொக்டர் திகதி தரவில்லை. கை நடுக்கம் நின்றபாடில்லை. அதனால்தான் இந்தக் கடிதத்தில் எழுத்துப்பிழை ஒன்றும் இருக்காது. (மாமா, இந்த வரியை அம்மா கட்டாயம் எழுதச் சொன்னா. தாரிகா.)

உன் இதயம் எப்படி? போனில் கேட்கலாம் என்று மகள் சொல்கிறாள். போன முறை பட்டது போதும். உனக்கும் கேட்கவில்லை, எனக்கும் கேட்கவில்லை. நான் சுகமா என்று கத்தினேன், நீ மழையா என்று கத்தினாய். மேல் வீட்டுக்காரர் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

பின்னேரம் றெயில் பாதை ஓரமாக மகளின் கையைப் பிடித்துக்கொண்டு தெஹிவளைப் பக்கம் கொஞ்சத் தூரம் நடந்தேன். அலை அடிக்காத இடத்தில் பறித்த பூவை இந்தத் தாளில் தைத்திருக்கிறேன். தையல் என்னுடையது, கோணலுக்கு மன்னிக்கவும்.

பெயர்: மஞ்சள் கரிசலாங்கண்ணி. சரியா, பிழையா?

மருந்தை மறக்காதே. பிள்ளை றஷ்மியையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன் உன் அக்கா
சரோஜினிதேவி


நொட்டிங்ஹாம்
15.09.2024

என் அன்பு அக்காவுக்கு,

உன் கடிதமும் பூவும் கசங்காமல் வந்து சேர்ந்தன. உன் கையாவது நடுங்குகிறது, என் கை ஆடுகிறது. தாரிகா இந்த எழுத்தை வாசிக்கப் படும் பாட்டை நினைத்தால் பாவமாக இருக்கிறது. றஷ்மி தன்னால் ஏலாது என்று கைவிட்டுவிட்டாள். "அப்பா, இது தமிழோ, எறும்பு ஊர்ந்ததோ?" என்கிறாள்.

இதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லையாம். தை மாதம் ஒப்பரேசன் என்கிறார்கள். பயப்படாதே. நானும் பயப்படவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

இனி உன் பூ. பிழை! பிழை! பிழை! பூ இரண்டுக்கும் ஒன்றுபோலத்தான், மஞ்சளாய், வட்டமாய். யாரும் ஏமாறுவார்கள். ஆனால் இலையைப் பார். கரிசலாங்கண்ணிக்கு இலை நீண்டு ஒடுங்கி வெட்டில்லாமல் இருக்கும். நீ அனுப்பியது மூன்று மடலாய் வெட்டுப்பட்டிருக்கிறது. இது அழகுக்கென்று மதிலோரம் நட்டு, மதிலைத் தாண்டி ஓடிவந்த வெளிநாட்டான். இதைக் கரிசலாங்கண்ணி என்று சொல்பவரோடு நான் கதைக்க மாட்டேன், அது நீயாக இருந்தாலும்.

நினைவிருக்கிறதா? நான் மாக்ரெட்டைக் கட்டியதும் அப்பா வீட்டில் என் பெயர் எடுக்கக் கூடாது என்றார். நீ கொட்டாஞ்சேனைக்கு ஒரு உறையில் பூ மட்டும் வைத்து அனுப்பினாய். கூட ஒரு பெயர், அதுவும் பிழையான பெயர். யார் பிரித்தாலும் பைத்தியம் என்று விட்டுவிடுவார்கள். நான் திருத்தி அனுப்பினேன். நாற்பத்தெட்டு வருடமாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

இப்போது உன் முறை. இங்கே பஸ் தரிப்பிடத்தில், நடைபாதைக் கல்லிடுக்கில் முளைத்தது. பெயர்: மூக்குத்திப்பூ. சரியா, பிழையா?

கண்ணுக்குத் துளிமருந்து விடத் தவறாதே.

உன் தம்பி
இரத்தினம்


வெள்ளவத்தை
20.10.2024

அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைத் தாரிகா பூதக்கண்ணாடி வைத்து வாசித்தாள். அரை மணித்தியாலம் பிடித்தது. அவள் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் தண்ணீரில் கிருமி எண்ணுவது இதைவிட லேசாம்.

போன முறை நீ சொன்னது சரி. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ அனுப்பியது பிழை. வெள்ளை இதழ் ஐந்தும், நுனியில் மூன்று பல்லும், நடுவில் மஞ்சளும் மூக்குத்திப்பூ மாதிரியே இருக்கின்றன. ஆனால் பூ கடுகளவு. அதோடு ஒரே காம்பில் நாலைந்து பேர் கூட்டமாக நிற்கிறார்கள். எங்கள் மூக்குத்தி நீளக் காம்பில் தனியாளாக நிற்கும். நொட்டிங்ஹாம் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை என் ஊர்க்காரர் என்று சொல்லி ஏமாற்றப் பார்த்தாயா?

இத்துடன் வருவதும் றெயில் பாதைப் பூத்தான். காய்ந்ததும் நிறம் போய்விட்டது. அவசரப்படாமல் பார்.

பெயர்: தைவேளை. சரியா, பிழையா?

ஒப்பரேசன் திகதி தெரிந்தவுடன் எழுது. பிள்ளையாருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். மகள் நம்பவில்லை. அவளுக்கும் சேர்த்து நான் நம்புகிறேன்.

அன்புடன் அக்கா


நொட்டிங்ஹாம்
17.12.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். நானும் றஷ்மியும் நலமாக இருக்கிறோம். நீங்களும் தாரிகாவும் நலமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறோம்.

என் கை எழுத மறுக்கிறது. இனிமேல் நான் சொல்ல றஷ்மி கணினியில் தட்டுவாள். தாரிகாவுக்கும் வாசிக்க இலேசாக இருக்கும். ஒப்பரேசன் பங்குனி மாதத்துக்குத் தள்ளிப் போயிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பூவை நன்றாகப் பார்த்தேன். தைவேளைதான். சரி.

இங்கே பனி கொட்டுகிறது. அனுப்ப ஒரு பூவும் இல்லை. வெயில் வந்ததும் அனுப்புகிறேன். குளிரில் கவனமாக இருங்கள் என்று எழுத வந்தேன், உங்களுக்குக் குளிர் இல்லை. வெயிலில் கவனமாக இருங்கள்.

அன்புடன் தம்பி
இரத்தினசிங்கம்


வெள்ளவத்தை
12.01.2025

அன்புத் தம்பிக்கு,

கடிதம் வந்தது. தாரிகா இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். தைவேளை சரிதான். நீ வென்றாய்.

எனக்கு நெஞ்சில் சளி. ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை.

இந்தக் கடிதத்தில் மிச்சம் றஷ்மிக்கு. மகள், நீ நேரத்துக்குச் சாப்பிடு. மாக்ரெட்டின் மீன் குழம்பு உனக்கு வைக்கத் தெரியும் என்று அப்பா எழுதியிருந்தார். உனக்காக ஒருநாள் வை. உனக்கு இங்கே ஒரு மாமி இருக்கிறேன், தாரிகா என்று ஒரு மச்சாள் இருக்கிறாள். அவள் அதிகம் கதைக்க மாட்டாள். ஆனால் கடிதம் போட்டால் பதில் போடுவாள்.

எல்லோரையும் கடவுள் காப்பாற்றட்டும்.

அக்கா


வெள்ளவத்தை
02.03.2025

அன்புள்ள தம்பி பிரசாந்,

நீங்கள் எல்லோரும் மெல்பேணுக்குச் சுகமாகப் போய்ச் சேர்ந்தது அறிந்து நிம்மதி. பிள்ளைகளுக்கு இருமல் விட்டதா? நான் நலம். அம்மாவின் மரணச் சான்றிதழ் பிரதிகள் இரண்டை இத்துடன் வைத்திருக்கிறேன். கடிதமாக எழுதக் காரணம், போனில் நீ என்னைப் பேச விடுவதில்லை.

தை 27ஆம் திகதி காலை தேத்தண்ணீரோடு அறைக்குள் போனேன். அம்மா இல்லை. கட்டிலில் இருந்தா, ஆனால் இல்லை. நான் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, தட்டால் மூடினேன், ஆறக்கூடாது என்று. அந்த மூடியை இன்றைக்கும் என்னால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. கனத்தைச் சுடலையிலிருந்து அந்தியேட்டிக் கிரியை வரை எல்லாவற்றையும் நீ பார்த்தாய். மூடியை நீ பார்க்கவில்லை.

இனி மாமாவின் விசயம். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வைத்து நீ சொன்னது இது: "அக்கா, இப்ப மாமாவுக்குச் சொல்லிப்போடாதை. பங்குனியில ஒப்பரேசன். மனுசன் தாங்காது. நீதானே எப்பவும் எழுதிறனீ, அப்பிடியே எழுது." அம்மா இருந்திருந்தால் உன் பக்கம்தான் நின்றிருப்பா. எனக்கு ஒப்பில்லை. உண்மைக்காக அல்ல. ஒரு பொய்யைச் சொன்னால் அதை நினைவு வைத்திருக்கவும் வேண்டும், அது எனக்கு வராது. ஆனாலும் எழுதப் போகிறேன். ஒப்பரேசன் முடிந்த அடுத்த தபாலில் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதற்கு மேல் என்னைக் கேட்காதே.

கடிதத்துக்குப் பூ வேண்டுமே. இன்று காலை றெயில் பாதையோரம் குனிந்து திரிந்தேன். பாதைக் காவலாளி ஒருவர், "மிஸ், மொனவத ஹொயன்னே?" என்றார். என்ன தேடுகிறேனாம். "மல்" என்றேன். பூ. பாதை நெடுகப் பூ கிடக்க இந்தப் பெண் என்ன தேடுகிறாள் என்பதுபோலப் பார்த்தார். அவர் பார்த்தது நியாயம். எனக்கு இரசாயனம் தெரியும், ஒரு பூவும் தெரியாது. அம்மா சொன்ன பெயர்களை எழுதினேனே தவிர, ஒருநாளும் ஏன் என்று கேட்கவில்லை.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆவணியில் அம்மா மாமாவை ஏமாற்ற அனுப்பிய மஞ்சள் பூ. மூன்று மடல் இலை. அதையே மறுபடியும் அனுப்புகிறேன். மாமா பார்த்ததும் பிடித்துவிடுவார், அக்கா பகிடி விடுகிறா என்று சிரிப்பார். ஒப்பரேசனுக்கு முன் ஒருமுறை சிரிக்கட்டும்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

அக்கா
தாரிகா


வெள்ளவத்தை
02.03.2025

அன்புத் தம்பிக்கு,

நானும் மகளும் இங்கே சுகம். உன் ஒப்பரேசன் நல்லபடி நடக்க நேர்த்தி வைத்திருக்கிறேன். சளி விட்டுவிட்டது. மகள் வழமைபோல எழுதுகிறாள்.

இத்துடன் ஒரு பூ. தையல் இந்த முறை நேராக இருக்கிறது, ஏனென்றால் தைத்தது தாரிகா.

பெயர்: மஞ்சள் கரிசலாங்கண்ணி. சரியா, பிழையா?

றஷ்மிக்கு என் அன்பு.

அக்கா


நொட்டிங்ஹாம்
06.04.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் நலமடைந்தது அறிந்து மிகவும் சந்தோசம். அந்த வரியை மூன்று தரம் வாசித்தேன்.

பங்குனி 20ஆம் திகதி ஒப்பரேசன் முடிந்தது. டொக்டர்களுக்குத் திருப்தி. வீட்டுக்குள் நடக்கிறேன்.

பூவைப் பார்த்தேன். ஆவணி மாதம் நீங்கள் அனுப்பிய மஞ்சள் கரிசலாங்கண்ணி இன்னும் என் கோப்பில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டேன். பூ, இலை எல்லாம் ஒன்றுதான். ஆகவே சரி.

றஷ்மி நேரத்துக்குச் சாப்பிடுகிறாள். மீன் குழம்பும் வைத்தாள்.

அன்புடன் தம்பி
இரத்தினசிங்கம்


வெள்ளவத்தை
01.05.2025

றஷ்மிக்கு,

சுகம் கேட்டுத் தொடங்க வேண்டும். நீங்கள் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். மற்றவரைப் பற்றி எனக்குத் தெரியவில்லை. இந்த உறையில் உங்கள் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். மாமா உயிரோடு இருந்தால் இதை அவரிடம் காட்ட வேண்டாம்.

முதலில் என் குற்றம். அம்மா தை 27ஆம் திகதி இறந்துவிட்டா. பங்குனியில் வந்த கடிதம் அம்மாவினுடையது அல்ல, என்னுடையது. மாமாவின் ஒப்பரேசன் முடியும்வரை சொல்வதில்லை என்று நானும் தம்பியும் முடிவெடுத்தோம். நீங்கள் மூன்று தரம் வாசித்ததாக எழுதிய அந்த வரி பொய். வெட்கமாக இருக்கிறது.

இனி நான் கேட்கப் போவது. போன புரட்டாதியில் மாமா தன் கையால் எழுதிய கடிதம் என் முன்னால் இருக்கிறது. ஆவணியில் அம்மா அனுப்பிய மஞ்சள் பூ கரிசலாங்கண்ணி அல்ல, பிழை என்று மூன்று தரம் எழுதியிருக்கிறார். அப்படிச் சொல்பவரோடு கதைக்க மாட்டேன் என்றும் எழுதியிருக்கிறார். நான் அனுப்பியது அதே பூ. அதே பொய்ப் பெயர். அதற்குச் "சரி" என்று பதில் வந்திருக்கிறது.

ஆய்வுகூடத்தில் ஒரு மாதிரியை வைத்து முடிவு சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை. அதனால் வேறு விளக்கங்களைத் தேடினேன். ஒப்பரேசனுக்குப் பிறகு மறதி வரும் என்கிறார்கள். வாசித்துப் பார்த்தேன், வரலாம். அல்லது அக்காவின் மனம் நோகக்கூடாது என்று விட்டுக்கொடுத்திருக்கலாம். நாற்பத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் விட்டுக்கொடுக்காதவர். மூன்றாவது விளக்கத்தை நான் எழுதவில்லை.

அந்தக் கடிதத்தை வாசித்தபோது பஸ்ஸில் இருந்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. நுகேகொடைக்குப் போய்விட்டேன். அங்கே இறங்கி, சந்தைக்கு நடுவில் நின்று, இலையைப் பற்றிய வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். யாரோ என்னை இடித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்.

எனக்கு உண்மையை எழுதுங்கள். எதுவானாலும்.

தாரிகா


நொட்டிங்ஹாம்
27.05.2025

அன்புள்ள தாரிகா மச்சாளுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுதுவதா என்று தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்து ஒன்பது நாள். மாமி இல்லை என்ற வரியில் நின்றுவிட்டேன். மாமிக்குப் பதில் எழுதத்தான் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கணினியைத் திறப்பேன். பங்குனியில் சளி விட்டதாம் என்று வாசித்து, அம்மாவின் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். அப்போது மாமி இறந்து ஒன்றரை மாதம்.

உங்கள் மூன்றாவது விளக்கம் சரி. அப்பா கார்த்திகை 23ஆம் திகதி இறந்துவிட்டார். ஒப்பரேசன் நடக்கவே இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கால் போட்டார். மற்றக் காலுக்குக் குனிந்தவர் நிமிரவில்லை. அம்புலன்ஸில் ஒருமுறைதான் கதைத்தார். "அக்காவுக்குச் சொல்லாதை, பிள்ளை. அவ தாங்கமாட்டா." அவ்வளவுதான்.

நான் சில மாதத்துக்கு என்று நினைத்துத்தான் தொடங்கினேன். பிறகு மாமி எனக்கென்று எழுதினா. நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னா. அம்மா செத்த பிறகு ஒருவரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை. நிறுத்த முடியவில்லை.

பூக்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவின் கோப்பில் மாமியின் கடிதங்கள்தான் இருந்தன. அப்பா என்ன பதில் எழுதினார் என்பது உங்கள் பக்கத்தில் இருந்தது. மாமி எழுதிய பெயர்கள் எல்லாம் உண்மைப் பெயர்கள் என்று நினைத்தேன். "போன முறை நீ சொன்னது சரி" என்று மாமி எழுதியிருந்ததையும் அப்படித்தான் விளங்கிக்கொண்டேன். பிழையான பெயர் எழுதிப் பகிடி விடுவது அப்பா மட்டும்தான் என்று நினைத்தேன். பெரிய மனிசி ஏன் பொய்ப் பெயர் எழுதப் போகிறா?

ஒன்றை மட்டும் நினைத்து ஆறுதல் அடைகிறேன். மாமிக்குத் தெரியாது. மார்கழியில் தைவேளை சரி என்று எழுதிவிட்டுப் பயந்துகொண்டிருந்தேன். நான் சொன்னது சரிதான், வென்றுவிட்டேன் என்று மாமி பதில் போட்டா. தம்பி இருக்கிறார் என்ற நினைப்போடுதான் போயிருக்கிறா. மாமி கண்டுபிடிக்கவில்லைதானே, மச்சாள்? அதை மட்டும் எழுதுங்கள்.

அந்தத் தைவேளையை இத்துடன் வைத்திருக்கிறேன். மாமி கடைசியாகத் தன் கையால் தைத்தது. அப்பாவின் கண்ணில் படவில்லை. கடிதம் வந்த கிழமை அவருக்கு ஏலாமல் போய்விட்டது. அது உங்களிடம் இருக்க வேண்டும்.

அன்புடன்
றஷ்மி


வெள்ளவத்தை
22.06.2025

அன்புள்ள றஷ்மி,

நான் நலம். நீங்கள் தனியே இருக்கிறீர்கள் என்பதை இப்போதுதான் உண்மையாக அறிந்தேன். உங்களுக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. உங்கள் கேள்விக்கு "இல்லை" என்று எழுதி, உறையை ஒட்டியும் வைத்தேன். எட்டு நாள் கைப்பையில் கிடந்தது. பிறகு கிழித்தேன். நாம் இருவரும் போதிய அளவு பொய் எழுதிவிட்டோம்.

நீங்கள் அனுப்பிய பூ பத்திரமாக வந்தது. முதல் நாள் அதைத் தொடவில்லை. இரண்டாம் நாள் அம்மாவின் கோணல் தையலைப் பார்த்தேன். மூன்றாம் நாள்தான் இலையைப் பார்த்தேன். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மூன்று இலை.

எனக்கு அது எதையும் சொல்லவில்லை. வெள்ளவத்தைச் சந்தையில் கீரை விற்கும் அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "இது தைவேளையோ?" என்றேன். கையில்கூட வாங்கவில்லை. "ஆர் உங்களுக்கு இதைத் தைவேளை எண்டு தந்தது? தைவேளைக்கு அஞ்சு இலை. இது மூண்டு. இது ஊதாப்பூப் பூக்கிற சாதி, றெயில் பாதை முழுக்கக் கிடக்கு. ஏமாத்திப்போட்டினம்." நான் நம்பவில்லை. நூலகத்தில் ஒரு தாவரவியல் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அவ சொன்னதுதான். உயிரோடு இருந்தால் பூ ஊதா, காய்ந்தால் தைவேளையின் வெள்ளைப் பூப்போலவே வெளுத்துப்போகும். பிறகு இலையை எண்ணித்தான் பிரிக்கலாம்.

ஐப்பசியில் அந்தப் பூவைத் தைத்த அன்று அம்மா இலையை விரலால் தடவித் தடவிப் பார்த்தா. "மூண்டு" என்று தனக்குள் சிரித்தா. "தம்பி எண்ணாமல் விடமாட்டான்" என்றா. நான் முகவரி எழுதிக்கொண்டிருந்தேன். என்ன மூன்று என்று கேட்கவில்லை.

ஆகவே அம்மா வைத்தது பொறி. நீங்கள் "சரி" என்று எழுதினீர்கள்.

மார்கழிக் கடிதம் வந்த நாளை நான் இப்போது மறுபடி மறுபடி கட்டிப் பார்க்கிறேன். அது தை மாதம், அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள். நான் கட்டில் ஓரம் இருந்து வாசித்தேன். தைவேளைதான், சரி, என்ற இடத்தில் அம்மா கையைத் தூக்கினா.

"திருப்பி வாசி."

வாசித்தேன்.

"தட்டின எழுத்தோ?"

"ஓம் அம்மா. றஷ்மி தட்டியிருக்கிறா. மாமாவுக்குக் கை ஏலாதாம்."

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தா. களைப்பு என்று நினைத்தேன். விளக்கைக் குறைத்தேன். கனநேரம் கழித்து, "பேனையை எடு" என்றா. எடுத்தேன்.

"சரி எண்டு எழுது."

"பிழை ஒண்டும் பிடிக்கேல்லையே இண்டைக்கு?" என்று நான் பகிடியாகக் கேட்டேன். நான்தான் கேட்டேன், றஷ்மி. என் வாயால்.

"பிடிச்சு ஆருக்குச் சொல்ல?" என்றா. பிறகு, "மிச்சத்தை அந்தப் பிள்ளைக்கு எழுது. தட்டிற பிள்ளை தனிய இருக்கும்" என்றா.

நான் எழுதினேன். மாமி இருக்கிறேன், மச்சாள் இருக்கிறாள், கடிதம் போட்டால் பதில் போடுவாள். என்னைப் பற்றி அம்மா இப்படிச் சொல்கிறாவே என்று எனக்குக் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. ஒவ்வொரு சொல்லையும் என் கையால் எழுதினேன். ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா பதினைந்து நாள் இருந்தா. மருந்து குடித்தா. என்னோடு சீனியைப் பற்றிச் சண்டை பிடித்தா. மாமாவின் பெயரை ஒருமுறையும் எடுக்கவில்லை. தம்பியின் செத்த வீட்டுத் துக்கத்தை அம்மா இந்தக் கட்டிலில், நான் பக்கத்து அறையில் இருக்க, தனியே காத்து முடித்திருக்கிறா. எனக்குச் சொல்லவில்லை. சொன்னால் நான் உங்களுக்கு எழுதிக் கேட்பேன், நீங்கள் வெட்கப்படுவீர்கள் என்று நினைத்திருக்க வேண்டும். இதற்கு என்னிடம் சான்று கிடையாது. ஆனால் நம்புகிறேன். நான் இப்படி எழுதுவதை அம்மா பார்த்தால் நம்பமாட்டா.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். மாமி கண்டுபிடித்துவிட்டா. முதல் கடிதத்திலேயே. தெரிந்துகொண்டுதான் உங்களைச் சாப்பிடச் சொன்னா.

பூவை உங்களுக்கே திருப்பி அனுப்புகிறேன். ஒரு இலை உதிர்ந்ததை ஒட்டியிருக்கிறேன், இரசாயனக்காரியின் வேலை, அசையாது. கூடவே போன கிழமை சந்தையில் வாங்கிய உண்மைத் தைவேளை ஒன்றும் அழுத்திக் காயவைத்து வைத்திருக்கிறேன். எதற்கும் பெயர் எழுதவில்லை. எது எது என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். சரியா பிழையா என்று நான் சொல்கிறேன்.

கண்ணால் எண்ண வேண்டாம். விரலால் எண்ணுங்கள். அம்மா அப்படித்தான் எண்ணினா.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

மச்சாள்
தாரிகா